பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எதை வாங்குவது? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

புதிதாக இருந்தபோது ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார், பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் கழித்து அதில் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வரும்போது மனம் அதன் பின்னால் போவது இயல்பே. வேகத்தையும் விலையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், புதிய வண்டி எதுவும் அதற்கு ஈடாக நிற்காது. ஆனால் வயது ஏற ஏற இறங்குவது வண்டியின் விலை மட்டும்தான். அதற்கு வேண்டிய டர்போ, பெட்ரோல் பம்ப், கியர்பெட்டி, முகப்பு விளக்கு ஆகியவற்றின் விலை இறங்குவதில்லை, பல நேரங்களில் ஏறவே செய்கிறது. ஐம்பது லட்ச ரூபாய் வண்டியைப் பதினைந்து லட்சத்துக்கு வாங்கினாலும், அதைப் பழுதுபார்க்கும் செலவு ஐம்பது லட்ச ரூபாய் வண்டிக்கு உரியதாகவே இருக்கும். இந்த ஒப்பீட்டை நான் வாங்கும் விலையிலிருந்து தொடங்காமல், வைத்துக் காப்பாற்றும் வழியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் வேலை பார்க்கும் என் அம்மான் மகன், ஊருக்கு வந்து போகும் நாட்களில் ஓட்டுவதற்கென்று ஒரு வேகமான பழைய வண்டியை வாங்கிக் கோட்டையூர் வீட்டில் நிறுத்த விரும்புகிறார். இரண்டு பேர் மட்டும் அமரும் திறந்த கூரை வண்டியா, வெளியே சாதுவாகத் தோன்றும் வேகமான செடானா, டர்போ பொருத்திய சிறிய வண்டியா என்பது அவருடைய கேள்வி. இதே கேள்வியோடு இருப்பவர்கள் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் காரைக்குடியிலும் இன்னும் சிலர் உண்டு என்பதால் விடையை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், வண்டி நிற்கப்போகும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் அன்றாட வண்டிகளுக்குக் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஐரோப்பிய வண்டி என்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். அரிய வண்டி என்றால் சென்னையோ கோவையோதான். நின்றுபோன இரட்டை கிளட்ச் வண்டியை (இரண்டு கிளட்ச்சுகளைக் கொண்டு தானாகக் கியர் மாற்றும் வண்டியை) கயிறு கட்டி இழுத்துச் செல்லக் கூடாது. தளத்தில் ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைத்தான் வரவழைக்க வேண்டும். பிரதான சாலைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதும் செம்மண் புழுதியும், உயரம் வரையறுக்கப்படாத வேகத்தடைகளும், வாசலை ஒட்டிய ஏற்றங்களும் தொடங்கிவிடுகின்றன. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செய்தி, இங்குள்ள பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன என்பதாகும். கலியாணம், முன்னோருக்கான படைப்பு, பொங்கல் என்று திறக்கும் வீட்டில் நிற்கும் வண்டி, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் வண்டி. அப்படி நிற்பதை எந்த வண்டி பொறுத்துக்கொள்ளும் என்பது இந்த முடிவில் வேகத்துக்கு நிகரான கேள்வி.

எனவே நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல், ஒரு வண்டிக்கு இந்திய சாலைகளில் எத்தனை பங்காளிகள் இருக்கிறார்கள் என்பதே. அதே இயந்திரமும் அதே கியர்பெட்டியும் அதே சஸ்பென்ஷன் பாகங்களும் வேறு எத்தனை மாடல்களில் ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். பங்காளிகள் நிறைய உள்ள வண்டிக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்கும், பழைய பாகம் வண்டி உடைப்பவரிடம் கிடைக்கும், அதன் குணம் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். தனித்துப் பிறந்த வண்டிக்கு இந்த மூன்றும் இல்லை. ஒரு சென்சார் போனாலும் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வண்டி அசையாமல் நிற்கும்.

இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் இந்தியாவில் அவ்வப்போது விற்பனைக்கு வருபவை பி.எம்.டபிள்யூ. இசட்4, ஆடி டி.டி., போர்ஷ கேமன் ஆகியவை. இவற்றுள் அம்மான் மகனின் கண் விழுந்தது 2009-இல் அறிமுகமான இ89 தலைமுறை இசட்4 எஸ்டிரைவ்35ஐ மேல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர்பெட்டியுடன் நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.1 நொடியில் தொடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நீண்ட முகப்பும், பின்சக்கரங்களுக்கு அருகில் அமர்ந்து ஓட்டும் அமைப்பும், மடிந்து பின்னால் போகும் அலுமினியக் கூரையும் சேர்ந்து தரும் இன்பத்தை வேறு எந்த வண்டியும் தராது என்பதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

அந்த இயந்திரத்தின் பெயர் என்54. உலகெங்கும் அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் நோய்களும் உலகறிந்தவை. உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பழுதாவது, இன்ஜெக்டர்கள் கசிவது, டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) தளர்ந்து சலசலப்பது, மின்சாரத் தண்ணீர் பம்ப் முன்னறிவிப்பின்றி நின்றுபோவது ஆகியவை ஏதோ ஒரு வண்டிக்கு நேர்ந்த விபத்துகள் அல்ல, அந்த இயந்திரத்தின் இயல்பு. ஏப்ரல், மே மாத வெயிலில் திருப்பத்தூர் சாலையில் தண்ணீர் பம்ப் நின்றால், ஓட்டுபவர் உடனே வண்டியை ஓரங்கட்டாவிட்டால் இயந்திரத்தின் தலைப்பகுதியே கெட்டுவிடும். கூரையை மடிக்கும் அமைப்பும் அதன் ரப்பர் விளிம்புகளும் மாதக்கணக்கில் அசையாமல் வெப்பத்தில் கிடந்தால் இறுகி வெடிக்கின்றன. மழைக்காலத்தில் உள்ளே இறங்கும் தண்ணீர் மின்னணுப் பெட்டிகளைத் தேடிப் போகிறது. டயரோ காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் வகை. மாற்றுச் சக்கரம் கிடையாது. அந்த அளவில் ஒரு டயர் இங்கே பக்கத்துக் கடையில் இருக்காது.

வெளியே தெரியாத இன்னொரு செலவும் இறக்குமதி வண்டிக்கு உண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பித்தல் கட்டணம் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-இல் இவை முறையே 10,000 என்றும் 80,000 என்றும் உயர்த்தப்பட்டன. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. 15 வயதை எட்டும் இசட்4 ஒன்றை வாங்குபவர் இந்தக் கட்டணத்தின் வாசலில் நின்றுதான் வாங்குகிறார். விற்பவர் அதைத் தாமாகச் சொல்வது அரிது.

ஆடி டி.டி.க்கு ஒரு சாதகம் உண்டு. அதன் இரண்டு லிட்டர் டர்போ இயந்திரத்துக்கு வோக்ஸ்வேகன் குழுமம் முழுவதும் பங்காளிகள். ஆனால் 2012 வாக்கு வரை வந்த அந்தத் தலைமுறை இயந்திரங்கள் டைமிங் செயின் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) விட்டுப்போவதற்கும், பிஸ்டன் வளையக் குறையால் எண்ணெய் குடிப்பதற்கும் பேர் போனவை. டென்ஷனர் மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லாத டி.டி.யை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். போர்ஷ கேமனைப் பொறுத்தவரை சுருக்கமாக ஒன்று சொல்லலாம்: 2009-க்கு முந்தைய மாடல்களில் இடைத்தண்டு பேரிங் பழுதானால் முழு இயந்திரமும் போகும், 2009-இல் வந்த புதிய இயந்திரத்தில் அந்தத் தண்டே இல்லை. எனவே கேமன்தான் வேண்டும் என்பவர் 2009-க்குப் பிந்தையதை மட்டும் பார்க்க வேண்டும். அதை வைத்துக்கொள்ளச் சென்னையில் வீடும் ஒர்க்‌ஷாப் தொடர்பும் இருப்பது நல்லது.

அடுத்தது, நான் அதிக நேரம் எண்ணிப் பார்த்த வண்டி: 2017-இல் ஸ்கோடா இந்தியாவில் 500 மட்டுமே விற்பனைக்குக் கொண்டுவந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ். அப்போது அதன் ஷோரூம் விலை 24.62 லட்சம் ரூபாய். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், ஆறு வேக டி.எஸ்.ஜி. (வோக்ஸ்வேகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி); நூறு கிலோமீட்டரை 6.8 நொடியில் எட்டும். காகிதத்தில் இசட்4-க்கு ஒன்றரை நொடிக்கு மேல் பின்தங்கியதுதான். ஆனால் திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் இடையே முன்னால் போகும் பேருந்தைக் கடக்க வேண்டிய நேரத்தில் வேண்டியது நின்ற நிலையிலிருந்து பாயும் வேகம் அன்று. எண்பதிலிருந்து நூற்றுக்குத் தயக்கமின்றி ஏறும் முறுக்குவிசை. அதை இந்த இயந்திரம் 1,500 சுற்றிலேயே முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. ஓட்டும் கையின் உணர்வில் பின்சக்கர இயக்கமுள்ள இசட்4 மேல் என்பதில் ஐயமில்லை; ஆனால் இந்தச் சாலைகளில் பயன்படுத்தக்கூடிய வேகத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது.

பங்காளிக் கணக்கில் இந்த வண்டி மற்றவற்றை எட்டாத தூரத்தில் விட்டுவிடுகிறது. இதே இயந்திரக் குடும்பமும் அடித்தளமும் சாதாரண ஆக்டேவியாவிலும் சூப்பர்பிலும் ஆடி ஏ3-யிலும் ஓடுகின்றன, பழைய டி.டி.யின் செயின் கோளாறும் எண்ணெய்க் கோளாறும் இந்த மூன்றாம் தலைமுறை இயந்திரத்தில் பெருமளவு தீர்க்கப்பட்டுவிட்டன. தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பெட்டி கசிவது ஒன்றே இதில் பரவலாகக் காணப்படும் குறை. டி.எஸ்.ஜி. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் நெடுநாள் உழைக்கும். ஐந்து பேர் அமரலாம். அப்பத்தாளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டிக்குப் போய் வரலாம், கலியாண வீட்டுச் சாமான்களை டிக்கியில் ஏற்றலாம். ஓடாமல் நிற்கும் காலத்திலும் கூரை, விளிம்பு என்ற தொல்லைகள் இல்லை. 2020-இல் 200 மட்டும் வந்த 245 குதிரைத்திறன் மாடல் இன்னும் கூர்மையானது. முன்சக்கரங்களில், வளைவில் பிடி இழக்காதபடி விசையைப் பங்கிடும் மின்னணு டிஃபரென்ஷியல் பூட்டும் உண்டு. ஆனால் அன்றைய விலையே 35.99 லட்சம், முழு இறக்குமதி என்பதால் மேலே சொன்ன பதிவுக் கட்டணமும் ஒருநாள் வந்து சேரும். கொடுக்கும் அதிகப் பணத்துக்கு ஈடான அதிக இன்பம் அதில் இல்லை என்பது என் கருத்து.

வி.ஆர்.எஸ்.-க்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு. எண்ணிக்கை குறைவு, விரும்புகிறவர்கள் அதிகம் என்பதால் விலை எளிதில் இறங்குவதில்லை. மலிவு வேண்டி வருகிறவருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் வாங்கும்போது இறங்காத விலை விற்கும்போதும் இறங்காது. முதலுக்கு மோசமில்லாத வாங்கல் என்று நம் பக்கத்தில் சொல்வது இதைத்தான். கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு: இவற்றில் பல வண்டிகள் ரீமேப் செய்யப்பட்டு (இயந்திரத்தின் மென்பொருள் மாற்றப்பட்டு) 300 குதிரைத்திறன் வரை முறுக்கப்பட்டவை. விற்பதற்கு முன் மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டு ஒன்றும் செய்யாத வண்டி என்று காட்டுவோர் உண்டு. காற்று உறிஞ்சும் குழாய், இன்டர்கூலர், சைலன்சர் ஆகியவற்றில் கழற்றி மாட்டிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பதும், வோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கட்டுப்பாட்டுப் பெட்டி எத்தனை முறை எழுதப்பட்டது என்று படிக்கச் சொல்வதும் அவசியம்.

மூன்றாவது வழி, சிறிய டர்போ வண்டி. இங்கே இரண்டு குணங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 2015-இல் 9.95 லட்சம் ரூபாய்க்கு வந்த ஃபியட் அபார்த் புன்ட்டோ, 1.4 லிட்டர் டி-ஜெட் இயந்திரத்தில் 145 குதிரைத்திறன் தந்தது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், ஐந்து வேகக் கையியக்க கியர், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். சக்கரத்தின் கீழுள்ள சாலையைக் கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங் இப்போது புது வண்டிகளில் கிடைப்பதில்லை; இதில் உண்டு. 2,000 சுற்றுக்குக் கீழே இயந்திரம் தூங்கும், அதற்கு மேல் ஒரேயடியாக விழித்து இழுக்கும்; அந்தத் தாளத்துக்குப் பழகியவருக்கு அது குறையாகவே தெரியாது. உடல் சாதாரண புன்ட்டோவினுடையது, இயந்திரம் லீனியா டி-ஜெட்டுடன் பகிர்ந்தது என்பதால் பங்காளிகள் ஓரளவு உண்டு. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. பங்காளிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். வாங்குகிறவர் டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், கிளட்ச் ஆகியவற்றை முதலிலேயே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இடத்துக்கா பஞ்சம்!

வோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. அதற்கு நேர்மாறு. 2013-இல் வந்தது, 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டருக்கு 9.7 நொடி. பார்ப்பதற்கும் பராமரிப்பதற்கும் சாதாரண போலோ. ஆனால் அதன் ஏழு வேக டி.எஸ்.ஜி. உலர் கிளட்ச் வகை; மெக்கட்ரானிக் எனப்படும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதாவது எல்லோரும் அறிந்தது. அந்த ஒரு பழுது, வண்டியின் இன்றைய மதிப்பில் கணிசமான பகுதியைக் கேட்கும். இதைவிட 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டி.எஸ்.ஐ. போலோ மேல்: 110 குதிரைத்திறன், ஆறு வேகக் கையியக்க கியர் கிடைக்கும், அதே இயந்திரக் குடும்பம் இன்றும் விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் வண்டிகளில் ஓடுகிறது. பழைய வண்டி என்று சொல்ல முடியாத வயது என்றாலும், குறைந்த பணத்தில் அன்றாடம் ஓட்டும் வேக வண்டி வேண்டுபவருக்கு இதுவே என் பரிந்துரை.

டர்போ இல்லாத பழைய வண்டிகளான ஹோண்டா சிட்டி விடெக்கையும் (106 குதிரைத்திறன், 2000-களின் தொடக்கம்) ஃபோர்டு ஃபியெஸ்டா 1.6 எஸ்ஸையும் (101 குதிரைத்திறன்) விரும்புகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் நிற்பதை இவை மற்ற எல்லாவற்றையும் விடப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நல்லவை மிக அரிதாகிவிட்டன. காற்றுப்பை பரவலாகாத, சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு இல்லாத காலத்து வண்டியில் வேகமாகப் போவதைக் குடும்பம் உள்ள ஒருவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் எரிபொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளிலேயே முறையாக வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் சீல்களும் வேகமாக நலிவடையலாம்; எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், டாங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் மேலும் கெடும். பூட்டிய வீட்டில் வண்டியை விட்டுச் செல்பவர் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, டயரில் சற்றுக் கூடுதல் காற்று வைத்து, வயர்களை எலி கடிக்காதபடி முன்மூடியைத் திறந்து பார்க்கவும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தவும் நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டியை அசைக்காமல் இயந்திரத்தை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிடுவது நன்மையை விடத் தீமையே செய்யும்.

வண்டி எங்கிருந்து வருகிறது என்பதும் முடிவை மாற்றும். தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராக வந்த ஆணைகளால் அங்கிருந்து தெற்கே மலிவாக வண்டிகள் இறங்கின. விலை கவர்ச்சியானதுதான், ஆனால் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே ஆயுள் வரி கட்டி, சிவகங்கை மாவட்டத்து 63 எண்ணில் பதிவு மாற்றுவதற்குள் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும். சென்னை வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே பார்க்க வேண்டியவை 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளமும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா, மாற்றுச் சக்கரக் குழியில் வண்டல் இருக்கிறதா, தரைவிரிப்பின் கீழுள்ள இணைப்பிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் கோரிக்கை வரலாற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். கடற்கரைச் சாலைகளில் வளர்ந்த வண்டியின் அடிப்பாகத்தில் துரு முதலில் சஸ்பென்ஷன் பொருத்திய இடங்களிலும் கதவடி விளிம்பிலும் தெரியும். உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்பதை ஆராயவென்றே மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, 1953 முதல் நம் காரைக்குடியில்தான் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் மேல்பூச்சின் பளபளப்பை மட்டும் பார்த்து வண்டி வாங்கக் கூடாது.

பார்க்கப் போகும் நாளில் இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டின் முதல் இரண்டு மூன்று நொடியில் கேட்கும் சத்தம்தான் செயினின் உண்மையைச் சொல்லும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் டயரின் மேற்பள்ளங்கள் தேயாமல் இருந்தும் ரப்பர் எட்டு வயதாகியிருப்பது வழக்கம், அந்த டயரில் வேகம் காட்டுவது உயிரோடு விளையாடுவது.

அம்மான் மகனுக்கு நான் எழுதியனுப்பிய முடிவு இது: முழு சர்வீஸ் வரலாறும் மாற்றப்படாத மென்பொருளும் உள்ள 230 குதிரைத்திறன் வி.ஆர்.எஸ். கிடைக்கும்வரை ஆறு மாதமானாலும் காத்திருக்கலாம். பணத்தைப் பாதியாக்க விரும்பினால், உதிரிபாகங்களைச் சேர்த்து வாங்கி வைக்கும் ஏற்பாட்டோடு அபார்த். கூரை திறக்கும் வண்டியின் ஆசை அடங்கவில்லை என்றால் இசட்4-ஐச் சென்னையிலேயே வைத்துக்கொண்டு, வாங்கும் விலையில் கால் பங்கை முதல் ஈராண்டுப் பழுதுக்கென்று வங்கியில் தனியாகப் போட்டுவைத்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.